கூற்று, களன், முன்னம்: தமிழ்த் தனியிசைப் பாடல் காணொளிகளில் கதைசொல்லலும் நிகழ்த்து மரபும்

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படப் பாடலில் குரல் ஒருவருடையது. வாயசைக்கும் உடல் வேறொருவருடையது. திரைப்படத்தைச் சாராத தனியிசைப் பாடல் காணொளியில் பாடுபவரே தம் முகத்தோடு தோன்றுகிறார். இம்மாற்றம் பாடலைச் சொல்பவர் யார் என்னும் வினாவைப் புதிதாக எழுப்புகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், முன்னம் ஆகிய உறுப்புகளைக் கருவியாகக் கொண்டு, ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ (2017), ‘எஞ்சாயி எஞ்சாமி’ (2021) ஆகிய இரு காணொளிகளை இக்கட்டுரை ஆராய்கிறது. பாடல் காணொளியின் மரபு கூற்றுரிமையைத் திரையில் தெரியும் முகத்திற்கே வழங்கிவிடும் இயல்புடையது என்பதும், பலர் குரலால் ஆன வாய்மொழி மரபுகள் அதனுள் நுழையும்போது அவ்வுரிமை சிக்கலுக்கு உள்ளாகிறது என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாடல் காணொளி, கூற்று, களன், முன்னம், ஒப்பாரி, பின்னணிப் பாடல், நிகழ்த்து மரபு.

முன்னுரை

பாடல் காணொளி என்னும் வடிவம் 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொலைக்காட்சி தொடங்கப்பட்ட பின் உலகளாவிய பரவல் பெற்றது. இவ்வடிவத்தைப் பொதுவாக மூவகையாகப் பகுப்பர். பாடகர் பாடுவதையே காட்டுவது நிகழ்த்து வகை. பாடலினூடே ஒரு நிகழ்ச்சித் தொடரைச் சொல்வது கதை வகை. தொடர்பற்றவை போல் தோன்றும் படிமங்களை அடுக்குவது கருத்து வகை. நடைமுறையில் இவை தனித்து நிற்பதில்லை. ஜான் லாண்டிஸ் இயக்கத்தில் 1983இல் வெளிவந்த மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும் கதைப்படம். அதில் ஜாக்சன் கதைமாந்தராகவும் பாடகராகவும் ஆடுநராகவும் மாறி மாறித் தோன்றுகிறார். எந்த நிலையில் தோன்றினும் அவர் ஜாக்சன் என்பதைப் பார்வையாளர் மறப்பதில்லை. கதை எதுவாயினும் குரலுக்கு உரியவரே திரையிலும் தோன்றுவார் என்பது இவ்வடிவத்தின் எழுதப்படாத உடன்படிக்கை ஆகும்.

தமிழ்ச் சூழலில் இவ்வுடன்படிக்கை இயல்பாக அமைந்ததன்று. தமிழர்க்குப் பாடலைக் காட்சியாகக் காணும் பழக்கத்தைத் தந்தது திரைப்படம். அது வேறோர் உடன்படிக்கையின்மேல் எழுந்தது. ஆகவே தமிழ்த் தனியிசைக் காணொளியை ஆராய்வோர் முதலில் இவ்வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும்.

குரலும் உடலும்: திரைப்பாடல் விட்டுச்சென்ற மரபு

தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கக் காலத்தில் நடிப்பவரே பாடினர். எம். கே. தியாகராஜ பாகவதர், பி. யு. சின்னப்பா, கே. பி. சுந்தராம்பாள் முதலியோரின் புகழ் நாடக மேடையில் விளைந்தது. அங்குக் குரலும் உடலும் பிரியவில்லை. பின்னணிப் பாடல் முறை நிலைபெற்ற பிறகு இவ்விரண்டும் பிரிந்தன. பாடுபவர் மறைய, நடிப்பவர் வாயசைத்தார். இதனைப் பார்வையாளர் பொய்யெனக் கொள்ளவில்லை. கதைத்தலைவன் பாடுகிறான் என ஏற்றுக்கொண்டே, பாடியவர் இன்னார் என்பதையும் அறிந்திருந்தனர்.

இந்த ஏற்பு தமிழ்க் கவிதை மரபுக்கு அயலானதன்று. அகப்பாடலில் பேசுபவர் தலைவி, தோழி, செவிலி, பரத்தை போன்ற மாந்தரே. புலவர் அங்குத் தம் குரலில் பேசுவதில்லை. தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றைத் தனித்தனியே வைத்தமையும், இன்னின்னார் இன்னின்ன இடத்துப் பேசுவர் என அகத்திணை மாந்தரின் கூற்றுகளை வரையறுத்தமையும், பாடலைப் படைத்தவரும் பாடலுள் பேசுபவரும் வேறு என்னும் தெளிவின்மேல் அமைந்தவை. திரைப்பாடலில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், நடிகர் எனப் பலர் கூடி ஆக்கிய ஒன்று, கதைமாந்தரின் ஒற்றைக் கூற்றாக வெளிப்படுகிறது. அவ்வகையில் திரைப்பாடல் அகமரபின் கூற்றுமுறையோடு ஒப்புநோக்கத்தக்கது.

இந்நிலையில் ஒரு திருப்பத்தைக் காட்டியது, 2011 நவம்பர் 16 அன்று யூடியூபில் வெளியான ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாடலின் காணொளி. ‘3’ என்னும் திரைப்படம் 2012இல் வெளிவரும் முன்னரே இது பரவியது. இதில் கதைக்காட்சி இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் காதொலிப்பானை அணிந்து பாடுகிறார். இசையமைப்பாளர் அனிருத் உடனிருக்கிறார். திரைப்படத்திற்கென ஆக்கிய பாடலே எனினும், இங்குக் கதைமாந்தர் பேசவில்லை. பாடுபவர் பாடுபவராகவே காட்டப்படுகிறார். இதன்பின் திரைப்பாடல்களின் முன்வெளியீட்டுக் காணொளிகளில் ஒலிப்பதிவுக் கூடக் காட்சி ஒரு வழக்கமாகவே நிலைபெற்றது. குரலுக்கு உரியவரைக் கண்ணால் காண வேண்டும் என்னும் விருப்பத்தை இவ்வழக்கம் வளர்த்தது. தனியிசைக் காணொளி இவ்விருப்பத்தின்மேல் தன்னை நிறுவிக்கொண்டது.

களனே சான்றாதல்: சென்னைப் புறம்போக்குப் பாடல்

2017 பொங்கல் நாளில் வெளியான ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ காணொளியை இயக்கியவர் இரதீந்திரன் ஆர். பிரசாத். கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசு குறித்துச் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஆங்கிலச் சொல்லிசைக் காணொளியை 2015இல் இயக்கியவரும் இவரே. அக்காணொளி உலகறிந்த ஓர் அமெரிக்கப் பாடலின் மெட்டைக் கடன் வாங்கி, கேட்பவர் எதிர்பார்ப்பை அங்கதமாகத் திருப்பியது. புறம்போக்குப் பாடல் வேறு வழியை மேற்கொண்டது. கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுதிய வரிகளை, ஆர். கே. ஸ்ரீராம்குமார் இராகமாலிகையாக அமைக்க, டி. எம். கிருஷ்ணா பாடினார்.

காணொளியின் கதைசொல்லல் முறை எளியது. நிகழ்ச்சித் தொடர் என ஏதுமில்லை. கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகப் பகுதியும், அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலும், அவற்றிடையே பாடகரும் காட்டப்படுகின்றனர். கருநாடக இசை நிகழ்ச்சிக்கு அவை மேடையும், அமர்ந்த நிலையும், பக்கவாத்தியமும், இசையறிந்த கேட்போரும் வழக்கமான உறுப்புகள். இக்காணொளி அவற்றுள் களனை மாற்றிவிடுகிறது. மூச்சே முதலாகிய கலைஞர் ஒருவர் மாசுத்தடுப்பு முகமூடியோடு தோன்றும் காட்சி, கச்சேரி மரபு அறிந்தவர்க்குச் சட்டென உறைக்கும். எந்தக் கதையும் சொல்லாமலேயே அவ்விடத்தின் காற்றைப் பற்றிய கூற்றாக அது அமைகிறது.

புறம்போக்கு என்னும் சொல்லே இப்பாடலின் பொருள். வரி விதிப்புக்கு உட்படாது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறித்த வருவாய்த்துறைச் சொல், பிற்காலத்தில் மனிதரை இழிக்கும் வசைச்சொல்லாயிற்று. ஏரியும் கழிவெளியும் மேய்ச்சல் நிலமும் பயனற்றவை எனக் கருதப்பட்டதன் விளைவே 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளப் பேரிடரிலும் வெளிப்பட்டது எனப் பாடல் வாதிடுகிறது. வசைச்சொல்லை மீட்டெடுக்கும் இம்முயற்சிக்குப் பேச்சுத் தமிழும் கருநாடக இசையும் இணைந்தமை பொருத்தமானது. அவைக்கு ஒவ்வாததெனத் தள்ளப்பட்ட மொழியும், மதிப்பற்றதெனத் தள்ளப்பட்ட நிலமும் ஒரே நேரத்தில் அவையேறுகின்றன.

ஆயினும் இங்கு எழும் வினா தவிர்க்க இயலாதது. இப்பாடலின் கூற்று யாருடையது? இன்ன இடத்தில் இன்ன சொல்லை இன்னார் இன்னாருக்குச் சொல்வது உரியது எனப் பொருந்த உரைத்தலை முன்னம் என்பார் தொல்காப்பியர். அவ்வாறு நோக்கினால், சென்னைப் பேச்சுத் தமிழைக் கேட்கும் செவி அதனை வடசென்னை உழைப்பாளரின் கூற்றாகவே கொள்ள முற்படும். திரையில் தெரிவதோ சங்கீத சபைகளில் புகழ்பெற்ற பாடகரின் முகம். இவ்விலகலைக் காணொளி மறைக்கவில்லை என்பது அதன் நேர்மை. பாடகர் மீனவர் வேடம் புனையவில்லை; தம் கச்சேரித் தோற்றத்தை விட்டுவிடவும் இல்லை. அவர் அக்களத்திற்கு வந்தவராகவே காட்டப்படுகிறார். எனினும் அக்கழிமுகத்தை நம்பி வாழ்வோரின் குரல் இசையின் பகுதியாக ஒலிக்கவில்லை. களன் சான்று பகர்கிறது. களத்தில் வாழ்வோர் கூற்றுப் பெறவில்லை. சபையின் கேட்போரை எண்ணூருக்கு அழைத்து வருவதில் இக்காணொளி வெற்றி பெறுகிறது. எண்ணூரின் குரலைச் சபைக்குக் கொண்டுசெல்லும் பணி அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பெயர் சுட்டும் பாடல்: எஞ்சாயி எஞ்சாமி

2021 மார்ச் 7 அன்று வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில் உருவான இப்பாடல், தமிழ்த் தனியிசையில் மிகப் பெரும் பரவலைப் பெற்றவற்றுள் ஒன்று. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். பின் தமிழகம் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் பெருந்தொகையினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வகைசெய்தது என்பது இப்பின்னணியோடு இணைத்து நோக்கத்தக்கது. நிலமற்றோர் வளமாக்கிய நிலம் அவர்க்கு உரித்தாகவில்லை என்னும் நெடிய வரலாறே பாடலின் பொருள்.

தலைப்பின் விளிச்சொல்லிலேயே இப்பொருளின் முரண் அடங்கியுள்ளது. ‘என் சாமி’ என்பது பண்ணையாள் நிலவுடைமையாளரை அழைத்த சொல். அதுவே பாட்டி பேரனைக் கொஞ்சும் சொல்லும் ஆகும். பணிவும் பாசமும் ஒரே விளியில் ஒலிக்கின்றன. பாடல் முழுதும் இச்சொல் முன்னதிலிருந்து பின்னதை நோக்கி நகர்த்தப்படுகிறது.

இப்பாடலில் இரு வாய்மொழி வடிவங்கள் இணைகின்றன. ஒன்று, குயிலோசையோடு தாத்தாவை விளித்து, இயற்கையின் உயிர்களைப் பற்றி வினாவி விடை சொல்லும் சிறுவர் விளையாட்டுப் பாடல். மற்றொன்று, ஒப்பாரி. கடல், கரை, வனம் என நிலக்கூறுகளை அடுக்கி விளிக்கும் பகுதி, இறந்தோரை உறவுமுறை சொல்லி அடுக்கி விளிக்கும் ஒப்பாரியின் அமைப்பை உடையது. இறந்தவர்க்கு உரிய விளி இழந்த நிலத்திற்கு ஆகிறது. புறத்திணைக் கையறுநிலை தலைவனை இழந்தோர் துயரைப் பாட, இப்பாடல் நிலத்தை இழந்தோர் துயரைப் பாடுகிறது. துயரப் பொருளுக்குத் துள்ளல் தாளமும் பலவண்ண உடைகளும் கூட்ட ஆட்டமும் அமைந்தமை முரணாகத் தோன்றலாம். பறையும் ஆட்டமும் உடன்வர இறந்தோரை வழியனுப்பும் வழக்கமுடைய சமூகங்களில் துயரும் ஆட்டமும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பதை எண்ணினால் அம்முரண் தீரும்.

இக்காணொளியின் நிகழ்த்து மரபில் இரு கூறுகள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கன. முதலாவது, பெயர் சுட்டல். சொல்லிசைப் பாடகர் தம் பெயரைப் பாடலுள் பதிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். தமிழில் இதற்குத் தொன்மையான இணைகள் உண்டு. திருஞானசம்பந்தர் பதிக இறுதியில் தம் பெயர் கூறும் திருக்கடைக்காப்பும், கீர்த்தனை இயற்றியோர் பதித்த முத்திரையும் அத்தகையன. எஞ்சாமியில் சொல்லிசைப் பகுதியின் பேசுநர் தம்மை வள்ளியம்மாளின் பேரன் என அறிமுகப்படுத்திக்கொள்கிறார். முத்திரை அமைய வேண்டிய இடத்தில் முன்னோர் பெயர் அமைகிறது. அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது இலக்கணம். பெயர் கூறியதும் பாடல் புறத்தின் வெளிக்கு வந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தின் நினைவு வரலாற்றுச் சான்றாகிறது.

இரண்டாவது, வள்ளியம்மாள் காணொளியில் நேரில் தோன்றுதல். அவர் பாடவில்லை, வாயசைக்கவும் இல்லை. பேரனுக்கும் ஆடும் கூட்டத்திற்கும் நடுவே அவர் இருக்கிறார் என்பதே அக்காட்சியின் பொருள். ஒப்பாரியில் ஒருவர் பாட, இழப்புக்கு உரியவர் உடனிருப்பது வழக்கம். பிறருக்காக அழுதலும் அம்மரபில் ஏற்கப்பட்டதே. ஆனால் அவ்வாறு பாடுபவர்க்கு உரிமை தருவது இழப்புடையோரின் முன்னிலை. உள்ளுணர்வின்றிக் கூலிக்காக மட்டும் அழுவதைத்தான் கூலிக்கு மாரடித்தல் என வழக்கு பழித்தது. பாட்டியின் முன்னிலை காணொளியில் அவ்வுரிமையைத் தரும் கூறாகச் செயல்படுகிறது.

இதே பாடலில் நுட்பமான ஒரு பிளவும் உண்டு. மரங்களை நட்டுத் தோட்டம் வளர்த்தும் தன் தொண்டை நனையவில்லை என்னும் தன்மைக் கூற்று, வள்ளியம்மாள் போன்றோரின் வாழ்வுக்கே உரியது. காணொளியில் அதனைப் பாடுபவர் தீ. எழுதியவர் அறிவு. ஒருவர் வாழ்வை ஒருவர் எழுத, மற்றொருவர் பாடும் இம்முறை திரைப்பாடலுக்கு இயல்பானது. அங்குக் கதைமாந்தர் என்னும் பொதுவிடம் இம்மூவரையும் இணைத்துவிடும். தனியிசைக் காணொளியில் அப்பொதுவிடம் இல்லை. பாடுபவர் முகமே கூற்றுக்கு உரிய முகமாகத் தோன்றுகிறது. பின்னணிப் பாடல் மரபின் பல்குரல் அமைப்பு, பாடுபவரே பேசுபவர் என்னும் புதிய உடன்படிக்கைக்குள் புகுந்து நிற்கிறது.

காணொளிக்கு வெளியே: கூற்றுரிமையின் சிக்கல்

இப்பிளவு பின்னர்ப் பொதுவெளியில் வெளிப்பட்டது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் மற்றொரு கலைஞரும் இடம்பெற, அறிவு இடம்பெறாமை குறித்து இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பினர். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாடலை மேடையேற்றினர். அறிவு அங்கு இல்லை. பாடலாக்கத்தில் தம் பங்கு யாது என்பதை அறிவு பொதுவெளியில் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தம் தரப்பைத் தனித்தனியே விளக்கினர்.

இதனைக் கலைஞர்களிடையேயான பூசல் எனக் கொள்வதும், சாதியப் புறக்கணிப்பு எனக் கொள்வதும் அன்று பரவலாக நிகழ்ந்தன. எத்தரப்பின் கூற்று மெய்யானது எனத் தீர்ப்பது இங்கு நோக்கமன்று. வடிவம் சார்ந்த ஒரு காரணம் இவ்விவாதங்களில் போதிய கவனம் பெறவில்லை என்பதே இங்குச் சுட்டத்தக்கது. அட்டைப்படமும் மேடையும் காணொளியிலிருந்து முகத்தையும் குரலையும் மட்டும் எடுத்துக்கொள்கின்றன. காணொளியில் கூற்றுக்கு உரிமை தந்த கூறுகள் அவ்விடங்களுக்குச் செல்வதில்லை. அக்கூறுகள் இரண்டு: வள்ளியம்மாளின் முன்னிலை, அவர் பேரன் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் குரல். இவையின்றி மேடையில் ஒலிக்கும்போது சொற்கள் அவையேயாயினும் முன்னம் மாறிவிடுகிறது. திரைப்பாடலைப் பிறர் மேடையில் பாடினால் இச்சிக்கல் எழுவதில்லை. கதைமாந்தரின் கூற்றை யாரும் பாடலாம். பெயர் சுட்டிய கூற்று அவ்வாறு எளிதில் கைமாறுவதன்று.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழலாம். வாய்மொழிப் பாடல் யாருக்கும் தனியுடைமை அன்று. ஒப்பாரியும் விளையாட்டுப் பாடலும் வாய்மாறியே வாழ்ந்தன. அவற்றுக்கு ஆசிரியர் தேடுவது மரபுக்கு முரண் என்பது அவ்வாதம். இது பாதி உண்மை. வாய்மொழி மரபில் ஆசிரியர் பெயர் மறைந்தாலும் சமூகம் மறைவதில்லை. பாடுபவரும் கேட்போரும் ஒரே களத்தில் இருந்தமையால் யாருடைய துயர் என்பதைத் தனியே சொல்ல வேண்டிய தேவை எழவில்லை. காணொளியின் கேட்போர் அக்களத்திற்கு வெளியே, உலகெங்கும் உள்ளனர். களன் கைவிட்ட இடத்தில் பெயர்தான் அவ்வறிவைத் தாங்க வேண்டியுள்ளது. ஆகவே பெயர் பற்றிய வழக்காடலைத் தனிமனிதப் புகழ்வேட்கை என ஒதுக்குவது பொருந்தாது. வாய்மொழி மரபு மின்னணு ஊடகத்துள் புகும்போது செலுத்த நேரும் விலையின் அடையாளம் அது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வு சில கருத்துகளைத் தெளிவாக்குகிறது. தமிழ்த் தனியிசைக் காணொளி, பாடுபவரே பேசுபவர் என்னும் உடன்படிக்கையால் திரைப்பாடலிலிருந்து வேறுபடுகிறது. அதன் கதைசொல்லல் நிகழ்ச்சிக் கோவையைக் காட்டிலும் களனையும் முன்னிலையையும் சார்ந்து அமைகிறது. ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ களனைச் சான்றாக்கியது. களத்து மாந்தர்க்குக் கூற்று வழங்கும் அளவுக்கு அது செல்லவில்லை. ‘எஞ்சாயி எஞ்சாமி’ களத்து மாந்தரைப் பெயர் சொல்லி நடுவில் அமர்த்தியது. எனினும் அக்கூற்றைப் பல குரல்களுக்குப் பகிர்ந்ததால், காணொளியைக் கடந்ததும் கூற்றுரிமை வழக்குக்கு உள்ளாயிற்று.

பாடல் காணொளிகளை மதிப்பிடுவோர் பார்வை எண்ணிக்கையையும் படப்பிடிப்பின் அழகையும் கருதுவதோடு, இவ்விடத்து இச்சொல் யாருக்கு உரியது என்னும் பழைய வினாவையும் கேட்டாக வேண்டும். அவ்வினாவுக்குரிய கருவிகள் தமிழ்ச் செய்யுளியலில் உள்ளன. பனுவல்களுக்காக வகுக்கப்பட்ட அவற்றை முகமும் குரலும் களனும் ஒருங்கே இயங்கும் இவ்வடிவத்திற்குப் பொருத்திப் பார்ப்பது, இவ்வடிவத்தை விளக்குவதோடு அக்கருவிகளின் ஆழத்தையும் புலப்படுத்தும். கானா, பறையிசை, மலையகப் பாடல் ஆகியவற்றை ஏந்தி வரும் பிற காணொளிகளும் இவ்வகையில் ஆராயத்தக்கன.